கதிரடித்த எள்ளும் மூன்றாவது பொட்டளியும்

அந்த மூன்று நாளும் நான் ஓரிடத்தில் இருந்ததாக நினைவில்லை. இருந்தால் எழும்பினேன். எழும்பினால் கிணற்றடிக்குப் போனேன். கிணற்றடியில் என்ன அலுவல் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். அடுப்பில் வைத்த உலை கொதித்து வற்றிப்போனது, அரிசி கழுவாமல் சுளகிலேயே கிடந்தது. எல்லாம் ஒரு பிடி எள்ளுக்காக. அதுவும் ஒரேயொரு செடியில் காய்த்த எள்ளு.

எங்கள் வீடு தீவுப்பக்கம், கரம்பொன்னில். நானும் என் மச்சாளும்தான் இருக்கிறோம். மச்சாள் என்றால் என் அவருடைய தங்கை. அவளுடைய ஒரே மகன் கனடாவில், அகதிக் கேஸ் முடியாமல் வருசக்கணக்காக நிற்கிறான். வீட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஆறு பரப்புத் தோட்டக் காணி இருக்கிறது. நல்ல தண்ணீர்க் கிணறு. பக்கத்துக் காணிக்காரர் எல்லாரும் வெளிநாட்டில், அவர்களின் நிலத்தில் எருக்கலையும் நாயுருவியும்தான் பயிர்.

அதற்கு முந்தின வருசம் சித்திரை வெயிலுக்குள் ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்து படலையில் நின்றாள். விவசாயம் படித்து, அதிலே மேற்கொண்டு ஆராய்ச்சி செய்கிறவள் என்று பிறகு தெரிந்தது. வெளியாட்கள் வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அந்தக் கூச்சம்தான் பாதிக் காரணம். கதைக்கிறது மச்சாளின் வேலை.

"ஆரம்மா இந்தக் காணிக்குச் சொந்தக்காரர்?"

"உள்ளுக்க நிக்கிறா. கூப்பிட்டா வரமாட்டா. நீர் என்னட்டைச் சொல்லும்."

"எனக்கு எள்ளுப் போட ஒரு பரப்பு நிலம் வேணும். சுத்திவர வேற எள்ளு இருக்கக் கூடாது."

"எள்ளென்ன பிள்ளை, எங்கட ஊரில ஆக்களே இல்லையே."

அவள் சிரித்தாள். தேனீ ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குப் போய்க் கலந்துவிடுமாம், அதனால்தான் தனிக்காணி தேடுகிறாளாம். அப்படி என்ன விசேஷமான எள்ளு என்று மச்சாள் கேட்டாள்.

"விதைக்குக் கதிர் அடிச்சிருக்கு அம்மா. ஆஸ்பத்திரியில கான்சர்காரருக்குக் குடுக்கிறது மாதிரியான கதிர்."

என் அவருக்குத் தொண்டையில் வந்தது. தெற்கே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் வைத்து அதைத்தான் கொடுத்தார்கள். நாங்கள் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்லுவோம். கழுத்துத் தோல் தணலில் வாட்டிய வாழையிலைபோலக் கறுத்துச் சுருங்கியிருந்தது. நான்தான் கூட நின்றேன்.

மச்சாள் உள்பக்கம் திரும்பிக் கத்தினாள். "கேட்டீரோ மச்சாள்? அண்ணைக்குப் பிடிச்ச கரண்டை எள்ளுக்கும் பிடிச்சிருக்கினமாம்!"

பிள்ளை பதறிப்போனாள். கதிர் விதைக்குள் தங்கி நிற்காது, ஊடறுத்துக்கொண்டு போய்விடும் என்றாள். போகிற போக்கில் விதைக்குள் எதையாவது மாற்றிவிட்டுப் போகும். அநேகமானவை கெட்டுப்போகும். எங்கோ ஒன்றிரண்டு மட்டும் மனிதருக்கு உதவுகிற மாதிரி மாறி வரும். அதை முழுக் காணியிலும் தேடிப் பிடிக்க வேண்டும்.

"என்னெண்டு மாறவேணும் எண்டு தேடுறீர்?"

"காய் வெடிக்காத எள்ளு வேணும் அம்மா."

அந்தச் சொல்லுக்குத்தான் நான் வெளியே வந்தேன். எள்ளு விதைத்தவளுக்குத் தெரியும் அந்த வயிற்றெரிச்சல். அடிக்காய் பழுக்கும்போது நுனியில் இன்னும் பூ நிற்கும். நுனிக்காய் முற்றட்டும் என்று பார்த்திருந்தால் அடிக்காய் வாயைப் பிளந்து கொட்டிவிடும். ஒருநாள் பிந்தி, அன்றைக்குக் காற்றும் எழும்பினால் பாதி விளைச்சல் நிலத்துக்கும் எறும்புக்கும். எள்ளு வெட்டுகிற நாட்களில் என் அவர் செத்தவீட்டுக்குக்கூடப் போகமாட்டார், எட்டாம் நாள் சடங்குக்குப் போய்க்கொள்ளலாம் என்பார். காய் வெடிக்காத எள்ளு என்று ஒன்று இருந்தால் அந்த மனிசன் எத்தனை சாவுக்குப் போயிருப்பார்.

"தண்ணி நான் இறைப்பன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மச்சாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சரி, போடுறதெண்டால் போடுங்கோ. ஆனால் உந்தக் கரண்ட் எள்ளு ஒரு மணியெண்டாலும் என்ர குசினிப் படி ஏறக் கூடாது. சொல்லிப்போட்டன்."

நான் தலையை ஆட்டினேன். இந்தத் தலையாட்டலை நினைவில் வைத்திருங்கள்.

வைகாசி முடிவில் விதைத்தோம். அந்த முதல் வருச எள்ளைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. முளைத்தது பாதி, முளைத்ததில் சில சாண் உயரத்தோடு நின்றுவிட்டன. ஒன்றில் தண்டு இரண்டாகப் பிரிந்து ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. பிள்ளை ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனிப் பேப்பர் பையில் போட்டு நம்பர் எழுதிக் கொண்டுபோனாள். உண்மையான மாற்றம் அடுத்த தலைமுறையில்தான் கண்ணுக்குத் தெரியும் என்றாள்.

அடுத்த வருசம் அதே விதைகளை, ஒரு செடியின் விதை ஒரு வரியாக, மறுபடியும் போட்டோம். இங்கேதான் என் முதலாவது பிழை. முளைத்து மூன்றாம் கிழமை, அவள் வராத ஒரு நாளில், நான் வரிக்குள் இறங்கி நோஞ்சான் கன்றுகளைப் பிடுங்கிவிட்டேன். எள்ளின் நெருக்கம் குறைத்து ஐதாக்குவது என்றால் அதுதான் எங்கள் வழக்கம். வடிவானதை விட்டுவிட்டு, கூனல், குட்டை, இலை சுருண்டது எல்லாம் பிடுங்கி வரம்பில் போடுவது. கை தன்பாட்டில் செய்யும்.

அவள் வந்து வரம்பில் வாடிக்கிடந்த கன்றுகளைப் பார்த்தாள். குந்தி இருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

"ஏனம்மா பிடுங்கினீங்கள்?"

"வடிவில்லாததுகள் பிள்ளை."

"அம்மா, வடிவில்லாததுகளைத்தான் நான் தேடுறன்."

ஏச்சில்லை. ஏசியிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். அன்றிலிருந்து நான் எந்தக் கன்றையும் தொடவில்லை, ஆடு வராமல் வேலியைப் பார்த்துக்கொண்டேன், தண்ணீர் விட்டேன். மச்சாள் மட்டும் குசினி யன்னலால் எட்டிப் பார்த்து, "கரண்ட் தோட்டம் எப்பிடி? இரவில வெளிச்சம் தெரியுதோ?" என்று பகிடி பண்ணுவாள்.

ஆவணி முடிவில் ஒரு காலமை பிள்ளையின் சத்தம் கேட்டது. "அம்மா! ஓடி வாங்கோ! ஓடி வாங்கோ!"

பாம்பு என்று நினைத்துத் தடியோடு ஓடினேன். அவள் நாற்பத்தெட்டாம் வரியில் முழங்காலில் இருந்தாள். அக்கம்பக்கத்துச் செடிகளில் எல்லாம் அடிக்காய்கள் காய்ந்து வாய் பிளந்து நின்றன. ஏழாவது செடியில் அடிக்காய் நாலைந்து அதேபோலக் காய்ந்திருந்தன, ஆனால் இறுக மூடியபடி. அவள் தண்டைப் பிடித்து உலுப்பினாள். ஒரு மணியும் விழவில்லை. என்னையும் உலுப்பச் சொன்னாள். நானும் உலுப்பினேன். இரண்டு பேருமாக அந்தச் செடியைப் பேய் பிடித்த மாதிரி உலுப்பினோம்.

தன் துப்பட்டா ஓரத்திலிருந்து சிவப்பு நூல் ஒன்றை இழுத்துத் தண்டில் கட்டினாள். அன்று முழுக்க ஆர் ஆருக்கோ போன் எடுத்தாள். தனக்கு மேலே இருக்கிற பெரியவர்களுக்கும் சொல்லிவிட்டாள்.

மற்றச் செடிகளை வெட்டிக் கட்டி, படங்கு விரித்துத் தட்டி, அவள் விதைகளைக் கொண்டுபோனாள். எள்ளுத்தடிகள் வேலியோரம் குவியலாகக் கிடந்தன. அந்த ஒரு செடி மட்டும் பிந்தி, மேலே பச்சையாக நின்றது. அவளுக்கோ தெற்கில் மூன்று கிழமைப் பயிற்சி, போகாமல் இருக்க ஏலாது.

"இலையெல்லாம் கொட்டினவுடன வெட்டுங்கோ அம்மா. நல்லாக் காய விட்டு உடைச்சு, இந்தப் பேப்பர் பையில போட்டு, மேல நம்பரும் திகதியும் எழுதி வையுங்கோ. நாற்பத்தெட்டு, ஏழு. ஒரு மணியும் மற்றதோட கலக்கக் கூடாது. இதைவிட்டால் எனக்கு வேற ஒண்டுமில்லை."

எழுதச் சொல்கிறாளே என்றுதான் எனக்கு முதல் பயம் வந்தது. என் எழுத்தை மற்றவர் பார்ப்பது, நான் குளிக்கும்போது பார்ப்பது மாதிரி. ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை.

சொன்னபடியே வெட்டினேன், சுவரில் சாத்திக் காய வைத்தேன். ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மச்சாள் படுத்திருந்த நேரம் காய்களை உடைத்தேன். சாதாரண எள்ளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் போதும். இதை நகத்தால் கீறிக் கீறிப் பிளக்க வேண்டியிருந்தது. பெருவிரல் நுனி நோக ஆரம்பித்தது. நுனியில் நின்ற நாலைந்து காய் பச்சை வெளிறாமல் சின்னதாக இருந்தன. உதுக்குள் என்ன இருக்கப் போகிறது என்று அப்படியே விட்டு, தடியை வேலியோரக் குவியலில் எறிந்தேன்.

பேப்பர் பையை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கிழமைதான் எலி ஒரு மாப் பையைக் கடித்திருந்தது. எலிக்கு எள்ளென்றால் உயிர். துணியில் முடிந்தால் நல்லம் என்று தோன்றியது. அது புரட்டாதி மாதம். சனிக்கிழமைகளில் சனீஸ்வரனுக்கு எள்ளுப் பொட்டளி எரிப்பதற்காகப் பழைய குடைச்சீலையைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருந்தேன். கை அதைத்தான் எடுத்தது. என் ஆயுளில் ஒரு பிடி எள்ளை நான் துணியில் முடிந்தது அந்த ஒரு காரியத்துக்குத்தான். கைக்கு வேறு விதமாக முடியத் தெரியாது.

கொப்பித்தாளில் நம்பரையும் திகதியையும் எழுதினேன். எட்டு கோணிப்போனது. அதை வெளியில் கட்ட வெட்கமாக இருந்தது, மடித்து எள்ளோடு சேர்த்து உள்ளே வைத்து முடிந்துவிட்டேன். பிறகு, மச்சாளின் கட்டளையையும் மீறி, குசினியில் அடுப்புக்கு மேல் இருக்கும் ஆணியில் கொழுவினேன். அங்கே புகை படும், பூச்சி அண்டாது, எலி எட்டாது. வெளியில் பேப்பர் இல்லாததால் மச்சாளுக்கும் என்னவென்று தெரியாது. எனக்கு நானே கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை எள்ளில் இரண்டு பொட்டளி முடிந்து தட்டத்தில் வைத்தேன். எனக்கு ஒன்று, மச்சாளுக்கு ஒன்று. சனி விடிய முழுகிக் கோயிலுக்குப் போனோம். சனங்கள் நெருக்கியடித்தார்கள். மச்சாளுக்குக் கைநடுக்கம், விளக்கு ஏற்றுவது எப்போதும் நான்தான். அவள் தட்டத்தை நீட்டினாள். மூன்று மண்சிட்டி விளக்கு, மூன்று பொட்டளி, எண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன. மகனுக்கும் ஒன்று முடிந்திருக்கிறாளாக்கும் என்று நினைத்தேன். மூன்றையும் ஏற்றினேன். என் கையால்தான் ஏற்றினேன்.

இரண்டு அடங்கி எரிந்தன. மூன்றாவது திடீரென்று ஒரு முழம் எழும்பி நின்று எரிந்தது. பக்கத்தில் நின்ற பெண்டுகள் ஒதுங்கினார்கள்.

மச்சாள் என் தோளைப் பிடித்தாள். கண்ணெல்லாம் தண்ணீர். "பாரும் மச்சாள், பாரும்! என்ர பெடியன்ர விளக்கு எரியிற எரிவை! அவன்ர கேஸ் சரிவரப்போகுது!"

"ஓம்" என்றேன்.

"நான் கேக்காமலே நீர் அவனுக்கெண்டு முடிஞ்சு வைச்சிருந்தீரே. அந்த மனம்தான் இப்பிடி எரியுது."

"நானோ? எப்ப?"

"ஆணியில கொழுவியிருந்ததுதானே. விடியத்தான் கண்டு எடுத்தனான்."

அந்த நேரம் பொட்டளி முழுவதும் எரிந்து முடியவில்லை. அதைத்தான் என்னால் மறக்க ஏலாது. முடிச்சுப் பக்கம் எரிந்தது, அடிப்பக்கம் எண்ணெய்க்குள் இருந்தது. கையை விட்டு எடுத்திருக்கலாம். விரல் வெந்திருக்கும், பத்து மணியாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அத்தனை சனத்துக்கு முன்னால், சனீஸ்வரனுக்கு ஏற்றின விளக்கில் கை விடுகிறவள் எப்படி இருப்பாள்? எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். நான் கும்பிட்ட கையோடு நின்றேன். எள்ளு வெடிக்கிற சத்தம் சன்னமாகக் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

வீட்டுக்கு வந்து மச்சாள் முதல் வேலையாகக் கனடாவுக்குப் போன் எடுத்தாள். விளக்கு எரிந்த உயரம் போனில் இன்னும் ஒரு முழம் கூடியது. நான் குசினிக்குள் போய் வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

அன்று பின்னேரம் நான் செய்ததையும் எழுதத்தான் வேண்டும். மிச்சமிருந்த கடை எள்ளில் ஒரு பிடி எடுத்து, குடைச்சீலைத் துண்டில் முடிந்து, 48, 7 என்று எழுதிய தாளையும் உள்ளே வைத்து, அதே ஆணியில் கொழுவினேன். எள்ளு எள்ளுத்தானே, பார்வைக்கு என்ன வித்தியாசம்? அடுத்த வருசம் காய் வெடிக்கும். கதிர் பிசகிவிட்டது, குணம் நிலைக்கவில்லை என்று நினைப்பார்கள். என்னை ஆரும் நினைக்கமாட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் பிள்ளை போன் எடுத்தாள்.

"அம்மா, என்ர செல்லம் சுகமோ?"

"ஆர் பிள்ளை?"

"நாற்பத்தெட்டு ஏழுதான்! உடைச்சிட்டீங்களோ? கவனமா வைச்சிருக்கிறீங்களோ?"

"ஓம்" என்றேன். செவ்வாய்க்கிழமை வந்து எடுக்கிறேன் என்றாள்.

அதற்குப் பிறகுதான் என்னால் அறவே இருக்க ஏலாமல் போனது. மச்சாள் முற்றத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தாள், எள்ளுத்தடியை அள்ளி அள்ளி அடுப்புக்குள் தள்ளினாள். நான் தண்ணீர் ஊற்றினேன், கிண்டினேன், கேட்டதற்கு மறுமொழி சொன்னேன். "என்ன, காலில சில்லுப் பூட்டினமாதிரித் திரியிறீர்?" என்று மச்சாள் கேட்டாள். சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே வளவைச் சுற்றினேன். நாற்பத்தெட்டாம் வரி நின்ற இடத்தில் வெறும் மண். அங்கே போய் நின்றேன்.

திங்கள் காலமை முருங்கைக்குப் போடச் சாம்பல் அள்ளினேன். சாம்பலுக்குள் அரைகுறையாக எரிந்த எள்ளுத்தடி ஒன்று வந்தது. அதில் காய்கள் எல்லாம் ஆவென்று வாய் திறந்தபடி கருகியிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்கு அந்த நுனிக்காய்கள் ஞாபகம் வந்தன. சாம்பல் பெட்டியை அப்படியே போட்டேன்.

குவியலில் பாதிதான் மிச்சம். தடி தடியாக எடுத்துப் பார்த்து மற்றப் பக்கம் போட்டேன். எல்லாமே வாய் திறந்தவை. குனிந்து குனிந்து நாரி உளைந்தது. தடிகளுக்குள் தேளிருக்கும், பூரான் இருக்கும், அதைப் பற்றி யோசிக்கவில்லை. எரிந்த பாதிக்குள் போயிருந்தால்? மச்சாள் மேலிருந்துதானே அள்ளியிருப்பாள், நான் வியாழக்கிழமை மேலேதானே எறிந்தேன்? ஆனால் எறிந்த தடி சறுக்கி வேலிக்கும் குவியலுக்கும் நடுவில் விழுந்திருந்தது. நான் முதலில் கண்டது சிவப்பு நூலை.

நுனியில் நாலு காய். வெயிலில் பச்சை போய் மண்ணிறமாகிவிட்டிருந்தன. நாலும் மூடியபடி. காதோடு வைத்து ஆட்டினேன். ஒன்றில் ஏதோ கிலுங்கியது போல இருந்தது. என் ஆசையாகவும் இருக்கலாம். உடைத்துப் பார்க்கப் பயந்து, தடியோடு கொண்டுபோய் அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டினேன். திறப்பை இடுப்பில் செருகினேன். பிறகு திறந்து பார்த்தேன். பூட்டினேன். அன்று எத்தனை தரம் அந்த அலுமாரியைத் திறந்திருப்பேன் என்று தெரியாது.

நாலு காய் கிடைத்ததோடு சொல்லவேண்டியதில்லை என்றும் ஆகவில்லை. அந்த நாலுக்குள்ளும் ஒன்றுமில்லாமல் இருக்கலாம். ஆணியில் பொய் எள்ளு தொங்கிக்கொண்டேயிருந்தது.

செவ்வாய் பத்து மணிக்குப் பிள்ளை வந்தாள். கையில் ஒரு பை முந்திரிகைப்பழம். மச்சாள் கதிரை எடுத்துப் போட்டாள். திறந்திருந்த குசினிக் கதவால் ஆணியில் பொட்டளி தொங்குவது தெரிந்தது. "குசினிக்குள்ளயோ வைச்சிருக்கிறீங்கள் அம்மா? நல்லது, புகை பிடிக்கும்" என்று பிள்ளை நேரே போய் ஆணிக்குக் கை நீட்டினாள்.

"அதில்லை" என்றேன்.

"என்னம்மா?"

"அது கடை எள்ளு. உம்முடையது எரிஞ்சுபோச்சுது. கோயிலில நான்தான் எரிச்சனான்."

சொன்னது ஒரு மூச்சில்.

முதலில் வாய் திறந்தது மச்சாள். "என்னது? என்ர பெடியனுக்கு எரிச்சது கரண்ட் எள்ளோ?"

"ஓம் மச்சாள்."

"குசினிக்குள்ள ஏறக் கூடாதெண்டு சொன்னதை என்ர தலைக்கு மேலயே கொழுவி வைச்சிருக்கிறீர்! அப்ப அந்த எரிவு எரிஞ்சது என்னெண்டு?"

"உள்ளுக்குள்ள பேப்பர் இருந்தது."

மச்சாள் கதிரையில் இருந்துவிட்டாள். பிள்ளை இன்னும் நின்றாள். அவள் என்னிடம் கேட்டது வேறு.

"ஞாயிற்றுக்கிழமை கேட்டனான் அம்மா. ஓம் எண்டனீங்கள்."

"ஓம்."

"இதை நான் கொண்டுபோயிருப்பன். வெள்ளைத் தாளில பேர் எழுதிப் பூட்டி வைச்சிருப்பன். அடுத்த வருசம் எல்லாரையும் கூட்டிவந்து காட்டியிருப்பன். அவையளுக்கு முன்னால காய் வெடிச்சிருக்கும். நான் பொய்க்காரி எண்டு ஆகியிருப்பன்."

அதுவரை நான் அந்தப் பக்கத்தை யோசித்திருக்கவில்லை. என்னை ஆரும் நினைக்கமாட்டார்கள் என்றுதான் யோசித்தேன், அவளை என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை. அலுமாரியைத் திறந்து தடியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தேன். அவள் நூலைப் பார்த்தாள், நுனியைப் பார்த்தாள். பையிலிருந்து பிளேட்டும் ஒரு வெள்ளைத் தாளும் எடுத்து நிலத்தில் சம்மணமிட்டு இருந்தாள்.

முதல் காய்க்குள் சப்பட்டைத் தோல்கள்தான். இரண்டாவதும் அப்படி. மச்சாள் கதிரையிலிருந்து எழும்பி வந்து குனிந்தாள். மூன்றாவதில் பதினொரு மணி இருந்தது, அதில் ஆறோ ஏழோதான் திரண்டது. நாலாவதில் ஐந்து. பிள்ளை மூச்சை விடாமல் அவற்றை மடித்துச் சின்னக் கண்ணாடிக் குப்பிக்குள் போட்டாள். "முழுசா முத்தேல்லை. முளைக்குமோ தெரியாது" என்று மட்டும் சொன்னாள். தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டாள். முந்திரிகைப்பழப் பை மேசையில் கிடந்தது. இரண்டு பேரும் தொடவில்லை.

பின்னேரம் மச்சாள் தானாகவே வந்து பக்கத்தில் இருந்தாள். "பேப்பரெண்டாலும் எரிஞ்சது எரிஞ்சதுதான். பெடியனுக்கு நான் ஒண்டும் சொல்லப்போறதில்லை" என்றாள். சொல்லவுமில்லை. அவன் கேஸ் இன்னும் முடியவுமில்லை.

மாரி போனது, தை போனது. பிள்ளை வரவில்லை, போனும் இல்லை. எனக்குக் கேட்கவும் துணிவில்லை. தோட்டத்தில் மரவள்ளி நட்டேன், அந்த ஒரு பரப்பை மட்டும் சும்மா விட்டேன். படலைச் சத்தம் கேட்டால் எழும்புவேன்.

இந்த வைகாசியில் ஸ்கூட்டி வந்தது. அதே குப்பி கையில்.

"பாதிக்கு மேல எங்கட இடத்தில சாடியில போட்டிருக்கு. மிச்சத்தை இங்க போடப்போறன்."

மச்சாள் கேட்டாள், "இவவை நம்பியோ?"

"தேனீ வராத காணி வேற கிடைக்கேல்லை அம்மா" என்றாள் பிள்ளை. சிரித்தாளா இல்லையா என்று என்னால் சொல்ல ஏலாது.

நாலு மணி போட்டோம், மூன்று முளைத்தது. ஒன்று மெலிந்து கூனலாக வந்தது, நான் தொடவில்லை. விடிய எழும்பினால் முதல் அங்கேதான் போவேன். போய்வந்து தேத்தண்ணி வைப்பேன், ஆற முன்னம் திரும்பப் போவேன். பூத்தது. காய் பிடித்தது. அடிக்காய் காயத் தொடங்கிய நாட்களில் சோளகக் காற்று சுழற்றி அடித்தது, கதவு யன்னல் எல்லாம் அடித்துக்கொண்டது. நான் செடிகளுக்குக் கீழே ஒரு வெள்ளைச் சீலையை விரித்துவிட்டு வந்து, போய்ப் பார்த்தேன், வந்து, போய்ப் பார்த்தேன். சீலையில் இலைதான் விழுந்திருந்தது. மூன்று செடியிலும் ஒரு காயும் வாய் திறக்கவில்லை.

நேற்று பிள்ளை வந்து தன் கையால் வெட்டினாள். உலுப்பிப் பார்த்தாள், என்னையும் உலுப்பச் சொன்னாள். பேப்பர் பை மூன்றை எடுத்து வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினாள்.

"நீங்களே எழுதுங்கோ அம்மா. வெளியில எழுதோணும். பெரிசா எழுதோணும்."

கை கூசியது. மச்சாள் வேறு குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். 48, 7 என்று எழுதினேன், கீழே திகதி எழுதினேன்.

"உதென்ன எட்டோ, பூசணிக்காயோ?" என்றாள் மச்சாள்.

பிள்ளை இந்தமுறை உண்மையாகவே சிரித்தாள். நான் மற்ற இரண்டு பையிலும் அதே பூசணிக்காயைப் போட்டேன். மூன்றையும் அவள் ஸ்கூட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, யாழ்ப்பாணம் போகிற பண்ணைப் பாலத்தால் காற்று பலக்க முன்னம் போகவேணும் என்று போய்விட்டாள். வருகிற சனிக்கு எரிக்க எள்ளு வாங்கவேண்டும். மச்சாள் இனிமேல் தன்னுடைய பொட்டளியைத் தானே முடிவாளாம்.